மகளைப் பக்கத்துக் கொலேஜில் சேர்த்த கதை

எங்கள் வீடு மொரீசியஸின் வடக்கே, திரியோலேயில் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியை இங்கே எல்லாரும் கொலேஜ் என்றுதான் சொல்வோம். மகள் ஆறாம் வகுப்புக்குப் போனதிலிருந்து, எந்தக் கொலேஜில் சேர்ப்பது என்பதே வீட்டில் பேச்சாக இருந்தது.

என் காலத்தில், தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் சி.பி.இ. தேர்வுக்குத் தீவு முழுவதற்கும் ரேங்க் போடுவார்கள். முன்னால் வந்தவர்களுக்குத்தான் பேர்போன பள்ளிகள். பத்து வயதில் காலையில் லெசொன், பள்ளி விட்டதும் மறுபடியும் லெசொன். ட்யூஷனை அப்படித்தான் சொல்வோம். ரேங்க் வந்த அன்று என் தோழி அழுத அழுகை இன்னும் மறக்கவில்லை. 2017இல் சி.பி.இ. போய், அதன் இடத்தில் பி.எஸ்.ஏ.சி. என்ற தேர்வு வந்தது. தீவில் நான்கு கல்வி மண்டலங்கள் உண்டு. தேர்வில் வாங்கிய தரம், பெற்றோர் எழுதிக் கொடுக்கும் விருப்ப வரிசை, வீட்டிலிருந்து பள்ளி எவ்வளவு தூரம், இதையெல்லாம் பார்த்து ஏழாம் வகுப்புக்கு இடம் ஒதுக்குகிறார்கள்.

நான் பக்கத்துப் பள்ளியையே முதலில் எழுதினேன். "இவ்வளவு நன்றாகப் படிக்கிற பெண்ணை இங்கேயா போடுவது?" என்று மாமியாருக்கு வருத்தம். எனக்குத் தயக்கமே இல்லை. என் அம்மா, உயர்நிலைக் கல்வி இலவசமான 1977இல் கொலேஜுக்குப் போனவர். வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளி இருந்ததால்தான் தாத்தா அனுப்பினார்.

சிக்கல் வந்தது முகவரிச் சான்றில். கரண்ட் பில், தண்ணீர் பில் இரண்டும் காலமான மாமனார் பேரிலேயே இருந்தன. அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன வேண்டும் என்று முழுசாகவும் சொல்லவில்லை. முதல் நாள் இறப்புச் சான்றிதழ், மறுநாள் கணவரின் பிறப்புச் சான்றிதழ், அதில் பேரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று இன்னொரு நடை. மூன்று நாள் சம்பளம் போனது. கோபத்தை விட பயம்தான் அதிகம்; ஒரு பில்லுக்காக அவள் இடம் போய்விடுமோ என்று இரவில் தூக்கம் வரவில்லை.

சரி, கடைசியில் எடுத்துக்கொண்டார்கள். கேட்ட பள்ளியே கிடைத்தது.

கிராண்ட் பே, துரு ஓ பீஷ் என்று சுற்றுப்புறத்திலிருந்தெல்லாம் பிள்ளைகள் அங்கே வருகிறார்கள். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள், கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் பேத்திகள், கடைக்காரர் பெண்கள் எல்லாரும் ஒரே வகுப்பில். 2005 முதல் மாணவர்களுக்குப் பேருந்து இலவசம் என்பதால் யாருக்கும் போக்குவரத்துச் செலவு இல்லை. மொழிப் பாட நேரத்தில் மட்டும் வகுப்பு பிரிகிறது. தமிழுக்கு ஓர் அறை, இந்திக்கு ஓர் அறை, உருதுவுக்கு, தீவின் பேச்சுமொழியான கிரியோலுக்கு வேறு அறைகள். தமிழுக்கு எட்டே பேர். வகுப்பு நடக்குமா என்று கவலைப்பட்டேன், நடக்கிறது. மணி அடித்ததும் எல்லாரும் பழைய இடத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்புறம் பக்கத்தில் இருக்கும் உருது படிக்கிற பெண்ணுக்கு இவள் 'ழ' எழுதிக் காட்டுகிறாளாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நானே பார்த்தேன்: கோணல் கோணலாக ஏழெட்டு 'ழ', கீழே இவள் கையால் வலமிருந்து இடமாக ஓர் உருது வார்த்தை.

நாத்தனார் மகன் இப்போது ஐந்தாம் வகுப்பு. அவர்கள் வீட்டு பில்லும் மாமனார் பேரில்தான். இந்த வாரமே போய் பேரை மாற்றச் சொல்லியிருக்கிறேன், கூட நானும் போகிறேன்.