மெய்ப்பு மேசையில் 'அல்லாஹ்'

அரபும் தமிழும் கலந்த பக்கங்களில் மெய்ப்புப் பார்ப்பவரை அதிகம் வேலை வாங்கும் சொல் 'அல்லாஹ்'. எழுத்து நான்குதான்: அலிஃப், லாம், லாம், ஹா. நெடிலுக்கு வரிசையில் எழுத்தில்லை. எழுத்து இரட்டிப்பதைக் காட்டும் 'ஷத்து' என்ற குறிக்கு மேலே ஒரு குட்டி அலிஃப் நிற்கும், அவ்வளவே.

அதன் பிறப்பு தெரிந்தால் பாதிப் பிழை குறையும். 'இலாஹ்' பொதுப்பெயர், வணங்கப்படுவது என்று பொருள். 'ஆலிஹா' என்று பன்மையும் உண்டு. முன்னால் 'அந்த' என்று சுட்டும் 'அல்' சேர்ந்து, இடையிலிருந்த ஹம்ஸா என்ற தொண்டையொலி தேய்ந்து, இரு லாமும் ஒன்றியதே 'அல்லாஹ்' என்பது பெரும்பாலோர் கருத்து. 'லாஹ்' என்பதிலிருந்தும் வந்திருக்கலாம் என்பார் பழைய அரபு இலக்கண அறிஞர் சீபவைஹி. சிரியாக் மொழியில் 'அலாஹா', ஹீப்ருவில் 'எலோவா' எல்லாம் ஒரே குடும்பம். சிரியாவில் ஸபத் என்ற ஊரில் கி.பி. 512ஆம் ஆண்டுக் கிறிஸ்தவக் கல்வெட்டில் தேயாத 'அல்-இலாஹ்' அப்படியே இருக்கிறது. அரபுக் கிறிஸ்தவர்கள் இன்றும் 'அல்லாஹ்' என்றே சொல்கிறார்கள்.

இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழியான கலிமாவின் முதல் பாதி 'லா இலாஹ இல்லல்லாஹ்' 12 எழுத்து. அலிஃப், லாம், ஹா மூன்றுதான் மாறி மாறி வரும், புள்ளி ஒன்றுகூடக் கிடையாது. கண் வழுக்கிவிடும், விரல் வைத்து எண்ணித்தான் பார்க்க வேண்டும். 'லில்லாஹ்' (அல்லாஹ்வுக்கு) என்பதில் அலிஃப் விழுந்துவிடும். அதைத் தவறென்று நினைத்து அலிஃப் சேர்ப்பவர்கள் உண்டு. 'இன் ஷா அல்லாஹ்' மூன்று சொல். முதலிரண்டையும் ஒட்டினால் 'இன்ஷாஃ', அதாவது உருவாக்குதல், என்று பொருளே மாறிப்போகும்.

பல எழுத்துருக்களில் லாம், லாம், ஹா என்று தட்டினாலே ஷத்தும் குட்டி அலிஃபும் தாமாக வந்துவிடும். அதன்மேல் கையாலும் ஷத்து போட்டால் குறிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். முழுச் சொல்லும் ஒரே குறியீடாகவும் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. சில எழுத்துருக்களில் அதற்கு அலிஃப் இருக்காது, தேடினாலும் சிக்காது.

தமிழ்ப் பக்கத்தில் கடைசி 'ஹ்' வேண்டும்: அல்லாஹ்வின், அல்லாஹ்வுக்கு. பொதுப் பத்திரிகைகளில் 'அல்லா' என்றே வரும். அதைத் திருத்துகிறேன் என்று மொத்தமாகத் தேடி மாற்றினால் 'அல்லாமல்' 'அல்லாஹ்மல்' ஆகும், 'அல்லாத' 'அல்லாஹ்த' ஆகும், ஏற்கெனவே சரியாக இருந்ததெல்லாம் 'அல்லாஹ்ஹ்' ஆகும். ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும்.