ரோமில் காதில் விழுந்த 'கடன்'

கத்தோலிக்கர்கள் வழக்கமாக இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை கொண்டாடும் யூபிலி ஆண்டு முடிவதற்குள், அப்போது மட்டும் திறக்கும் புனிதக் கதவைக் கடந்துவிட வேண்டும் என்று 2025 அக்டோபரில் ரோமுக்குப் போனோம். பியா சதுக்கத்தில் எங்கள் குழுவிடம் ஒரு மரச்சிலுவையைக் கொடுத்தார்கள். அதை மாற்றி மாற்றிச் சுமந்தபடி, செபித்துக்கொண்டே பேதுரு பேராலயம் வரை நடக்க வேண்டும். பார்க்கத்தான் லேசு, தோளில் ஏறினால் தெரியும்.

முன்னால் போன இத்தாலியர்கள் 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' செபம் சொன்னபோது 'தேபிதி' என்ற சொல் காதில் விழுந்தது. எங்கள் அருட்தந்தையிடம் கேட்டேன். "கடன்கள்னு அர்த்தம்பா. எங்கள் கடன்களை மன்னியும்னுதான் இவங்க செபம். லத்தீன்லயும் அதேதான்" என்றார். 'எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்' என்றே சொல்லி வளர்ந்தவன் நான். பழைய தமிழ் பைபிளிலும் மத்தேயு 6:12-இல் 'கடன்' என்றுதான் இருக்கிறது. கவனித்ததே இல்லை.

எங்களோடு வந்த மன்னார் அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். "காசுக் கடனோ தம்பி?"

2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை கைவிரித்தது. வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் கிடைக்காமல் அக்காவின் வீட்டுக்காரர் பல நாள் கடலுக்கே போகவில்லையாம். "வாங்கினது ஆரோ, வரிசையில நிண்டது நாங்கள்" என்றார்.

காசுக் கடனும்தான் அக்கா என்றேன். பைபிளின் லேவியர் நூலில் யூபிலி என்பது ஐம்பதாம் ஆண்டு; அப்போது நிலம் பழைய உரிமையாளருக்குத் திரும்பும், அடிமை வீட்டுக்குப் போவான். அதை வைத்துத்தான் திருச்சபைகள் 2000-ஆம் ஆண்டை ஒட்டி ஏழை நாடுகளின் கடனைத் தள்ளச் சொல்லிக் கிளம்பின. 1998 மே 16 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஜி8 எனும் எட்டு பெரிய நாடுகளின் தலைவர்கள் கூடியபோது சுமார் 70,000 பேர் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அடுத்த ஆண்டு ஜெர்மனியின் கொலோனில் அவர்கள் கூடியபோது கடன் சலுகை விரிவானது. தான்சானியாவில் தொடக்கப்பள்ளிக் கட்டணம் போனது அப்படிக் கடனில் மிஞ்சிய பணத்தின் உதவியோடுதான்.

இந்த யூபிலிக்கும், திருப்பிக் கட்டவே முடியாத நாடுகளின் கடனை மன்னியுங்கள், இது தாராளம் அல்ல, நீதி என்ற பொருளில் திருத்தந்தை பிரான்சிஸ் 2024-இல் எழுதினார். ஆனால் அன்று விட்டுக்கொடுத்தவை பெரும்பாலும் அரசுகளும் உலக வங்கி, ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) போன்றவையும். இன்று நாடுகளின் கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருக்கும் தனியாரின் பங்கு பெரிது. அவர்கள் மடலைப் படித்து மனம் மாறுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

புனிதக் கதவின் வெண்கலப் பலகைகளில் ஒன்று, எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு கேட்ட கதை. அதற்கு இயேசு சொன்ன உவமையும் பத்தாயிரம் தாலந்து, அதாவது கட்டவே முடியாத பெருந்தொகை, கடனைப் பற்றியதே. அருட்தந்தை அதைக் காட்டிக்கொண்டிருந்தபோதே, அக்கா கதவு நிலையில் கை வைத்து அப்படியே நின்றுவிட்டார். "அவாந்தி, அவாந்தி" என்று தன்னார்வலர் விரட்டினார்.

உள்ளே போனதும் கேட்டேன், "என்ன அக்கா வேண்டினீங்க?"

"வள்ளத்துக்கு எஞ்சின் வாங்கின கடன் ஒண்டு கிடக்குது தம்பி."