கொக்கி மடங்கணும் மேஸ்திரி

"நம்ம கோயமுத்தூர்ல பூகம்பமா?" என்று சிரிப்பவர்களிடம் நான் 1900 பிப்ரவரி 8-ஐச் சொல்வேன். அன்று இங்கே வந்த நடுக்கம் ஏறக்குறைய 6 ரிக்டர். அப்போது ஊரில் அடுக்குமாடி கிடையாது. இப்போது சரவணம்பட்டியில் எந்தத் தெருவில் திரும்பினாலும் கீழே கார் பார்க்கிங், மேலே நாலு மாடி.

2001 குடியரசு தினத்தன்று காலை 8.46-க்கு கட்ச் ஆடியபோது, திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியோடு என் சித்தப்பா குஜராத்தில் இருந்தார். நின்ற இடம் பொட்டல்காடு, தப்பித்தார். புஜ், பச்சாவ், அஞ்சார் எல்லாம் கல்லும் மண்ணுமாகச் சரிந்தன. அஞ்சாரில் குடியரசு தின ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் குறுகலான சந்திலேயே புதைந்துபோனார்கள். மொத்தச் சாவு இருபதாயிரத்தை ஒட்டி. அதைப் பற்றி சித்தப்பா அதிகம் பேசமாட்டார். திரும்பும் வழியில் அகமதாபாத்தில் பார்த்ததைத்தான் சொல்வார். "மேல மாடியெல்லாம் அப்படியே இருக்குதுடா, கீழ் மாடியக் காணோம். மொத மாடி பால்கனி ரோட்டுல உக்காந்திருக்குது."

அகமதாபாத் நடுக்கத்தின் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். அங்கே விழுந்தவற்றில் பல, பார்க்கிங்குக்காகக் கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல் விட்ட கட்டடங்கள். மேலே செங்கல் சுவர்களால் விறைப்பு, கீழே வெறும் தூண். ஆட்டம் முழுக்க அந்தத் தூண்களின் தலையில்தான் விழும்.

தூணுக்குள் நேர்க்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையம்தான் ரிங். அதன் கதை இதைவிடச் சின்னது. வளையத்தின் முனைக் கொக்கியை 90 டிகிரியில் மடித்தால், குலுக்கலில் கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட் உதிர்ந்ததும் அது வாய் திறந்துவிடும். நேர்க்கம்பிகள் வெளியே பிதுங்கும், தூண் நொறுங்கும். 135 டிகிரியில் மடித்தால் கொக்கியின் நுனி உள் கான்கிரீட்டுக்குள் பிடித்துக்கொண்டு நிற்கும். நிலநடுக்க அபாயப் பிரிவில் கோவை மூன்றாம் மண்டலம், விதியும் இதைத்தான் சொல்கிறது. ஆனால் பாதி சைட்டுகளில் 90 தான், கேட்டால் "எப்பவும் இப்படித்தாங்க" என்பார்கள்.

போன வாரம் எங்கள் மேஸ்திரியும் முனகினார். "கை நோவுதுங்க சார், ரிங்குக்கு ரெண்டு தடவ மடக்கோணும்." நியாயமான பேச்சு, கூலியைக் கூட்டிக் கொடுத்தேன். வீட்டுக்காரர்தான் சிக்கல். கார் திருப்ப இடைஞ்சலாம், கீழ்த்தளத்தில் தூண்களோடு சேர்ந்து ஆட்டத்தைத் தாங்கும் லிஃப்ட் பக்கத்துக் கான்கிரீட் சுவரை எடுத்துவிடச் சொல்கிறார். மாட்டேன் என்றேன். "வேற இன்ஜினீயர் பாத்துக்கறனுங்க" என்று போனவர் இன்னும் ஃபோன் பண்ணவில்லை.