அப்பாவின் செல்லாத நோட்டு

ரங்கூனிலிருந்து கப்பலேறி மதராஸ் வந்து, அங்கிருந்து ரயிலில் மதுரைக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. 1964 கடைசி. ரங்கூன் துறைமுகச் சோதனையில் அம்மாவின் தாலிக்கொடியையும் கழற்ற வைத்துவிட்டார்கள். வெறும் மஞ்சள் கயிற்றோடுதான் அவர் வைகையைத் தாண்டினார்.

ரங்கூன் முகல் தெருவில் எங்களுக்குத் துணிக்கடை இருந்தது. 1962-ல் ஆட்சியைப் பிடித்த தளபதி நே வின், 1964 மார்ச்சில் கடைகளை அரசுடைமை ஆக்கினார். மே மாதம் பர்மாவின் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார். அப்பாவின் சேமிப்பு ஒரே ராத்திரியில் காகிதமானது.

மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு வளவில் ஒற்றை அறை. கடை முதலாளியாக இருந்த அப்பா, கீழமாசி வீதி மளிகைக் கடையில் கணக்கெழுதினார். பள்ளியில் எனக்குப் பெயரே ‘பர்மாக்காரன்’தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா கெளுத்தி மீனும் வாழைத்தண்டும் போட்டுக் குழம்பு வைத்து, இடியாப்பத்தில் ஊற்றி, பர்மாக்காரர்களின் மீன் நூடுல்ஸான மொஹிங்கா என்பார். கிட்டத்தட்ட அந்த வாசனை வந்துவிடும்.

1986 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸின் சர்வாதிகாரி மார்கோஸ் ஹவாய்க்கு ஓடிய செய்தி ரேடியோவில் வந்தது. டீக்கடைக்காரர் அப்பாவைக் கூப்பிட்டு, “அண்ணே, அடுத்து உங்க ஆளுதானே?” என்றார். அப்பா உடனே பதில் சொல்லவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “அங்க பட்டாளம் ரெண்டாப் பிரிஞ்சுச்சுப்பா. எங்க ஊர்ல பிரியாது” என்றார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. மணிலாவில் பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேயும் தளபதி ராமோஸும் கட்சி மாறினார்கள். ஜனங்கள் அவர்களைச் சுற்றி அரணாக நின்றார்கள். அடுத்த வருஷமே தென்கொரியாவில் நேரடித் தேர்தலுக்கு ராணுவ ஆட்சி இறங்கிவந்தது. பர்மாவில் மாணவர்களைக் கொதிக்க வைத்ததோ மணிலா அல்ல. 1987 செப்டம்பரில் நே வின் மறுபடியும் 25, 35, 75 கியாட் நோட்டுகளைச் செல்லாதாக்கினார். அப்பாவை அழ வைத்த அதே வேலை! அந்தச் செய்தியைக் கேட்ட ராத்திரி அவர் சாப்பிடவே இல்லை.

1988 ஜூலையில் நே வின் பதவி விலகினார். ஆகஸ்ட் 8-ஆம் தேதி நாடே தெருவுக்கு வந்தது. அப்பா ரேடியோவை மடியிலேயே வைத்திருந்தார். ஆனால் செப்டம்பர் 18 அன்று ராணுவம் நேரடியாக ஆட்சியை எடுத்துக்கொண்டது, சுட்டுத் தள்ளியது. செத்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

ஒருவன் விழுந்தால் அடுத்த ஊரில் தைரியம் வரும். அது உண்மை, நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அடுத்த ஊர்ச் சர்வாதிகாரியும் அதே செய்தியைக் கேட்கிறான். எந்தத் தளபதி கை நழுவிப் போவான் என்று அவனும் கணக்குப் போடுகிறான். கோபம் அந்தந்த ஊரிலேயே விளைய வேண்டும், துப்பாக்கி பிடித்தவன் தயங்கவும் வேண்டும். இது இரண்டும் சேராமல் பக்கத்து நாட்டு வெற்றி மட்டும் போதாது.

2021-ல் பர்மாவில் மறுபடியும் ராணுவ ஆட்சி. தாய்லாந்துப் பிள்ளைகள் எதிர்ப்பின் அடையாளமாக உயர்த்திய மூன்று விரலை, ரங்கூன் என்ற பெயர் மாறிய யாங்கூனின் பிள்ளைகளும் உயர்த்தினார்கள். கண் கலங்கிவிட்டது.

அங்கேயே தங்கிவிட்ட சித்தப்பா மகன் இப்போதும் யாங்கூனில்தான் இருக்கிறான். 2024 டிசம்பரில் சிரியாவின் சர்வாதிகாரி அசாத் மாஸ்கோவுக்கு ஓடிய அன்று போன் போட்டேன். “தம்பி, கேள்விப்பட்டியா?” என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “அண்ணே, மதுரையில மழை பெய்யுதா?” என்றான்.