மூன்றாவது தட்டு மட்டமாக வந்துவிட்டது

இரண்டு தகடுகளைப் பாழாக்கிய பிறகு, பிக்கப்பின் முன் பம்பருக்கான வின்ச் தட்டு (சிக்கிய வண்டியை ரோப்பால் இழுக்கும் மோட்டார்தான் வின்ச், அதைப் பூட்டும் தட்டு) நேற்று இரவு ஒருவழியாக மட்டமாக வந்து உட்கார்ந்தது. இரும்பு அளவுகோலைக் குறுக்கே வைத்து, அடியில் ஃபீலர் கேஜை (இடுக்கை அளக்கும் மெல்லிய இலைகளின் கட்டு) நுழைத்துப் பார்த்தேன். 0.3 மி.மீ. இலையே இறுக்கமாகத்தான் போனது. நம்பிக்கை வராமல் கோலைத் திருப்பி வைத்தும் பார்த்தேன். அதே 0.3தான். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு முழு உரிமை உண்டு.

வின்ச் 9500 பவுண்டு இழுக்கும். சரக்கோடு சேர்த்து வண்டி 2850 கிலோ, அதில் ஒன்றரை மடங்கு என்று கணக்குப் போட்டால் அங்கேதான் வந்து நிற்கிறது. அந்த 9500-ம் ரோப் சுற்றும் டிரம்மில் கடைசிச் சுற்றடுக்கு மட்டும் மிஞ்சும்போது கிடைக்கும் இழுப்பு. மேலே ரோப் அடுக்கு ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும். தட்டு 6 மி.மீ. தகடு, முகப்பு 5 மி.மீ. சேஸில் மாட்டும் காதுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அட்டையில் வெட்டிப் பார்த்து அப்படியே இரும்பில் எடுத்ததுதான்.

தலைவலி எல்லாம் தட்டில்தான். கீழ்த் தகடு ஒன்று, ரோப்பை வழிநடத்தும் பெயர்லீட்டைப் பூட்டும் முன் தகடு ஒன்று, இரண்டும் சேரும் உள்மூலையில் ஒரு நீள வெல்டு. கேட்கச் சுலபமாக இருக்கிறது அல்லவா? முதல் தடவை, பீடு (வெல்டு வரி) அழகாக ஓடுகிறதே என்ற மிதப்பில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே மூச்சில் இழுத்துவிட்டேன். அதுவும் தடித்த பீடு. ஆறியதும் நடுப்பகுதி 4 மி.மீ. தூக்கிக்கொண்டு, கவிழ்த்த படகு மாதிரி நின்றது. முன் தகடும் உள்பக்கம் சாய்ந்து 90 டிகிரி 87 ஆகியிருந்தது. உருகிப் போன இரும்பு ஆறும்போது சுருங்கி இரண்டு தகட்டையும் தன் பக்கம் இழுக்கிறது. எவ்வளவு இரும்பை ஊற்றுகிறோமோ அவ்வளவு இழுப்பு. 6 மி.மீ. தகட்டுக்கு 5 மி.மீ. பீடே போதும், நான் ஊற்றியது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இரண்டாவதில் புத்தி வந்து விட்டுவிட்டு அடித்தேன். ஆனால் சூடு ஆறுவதற்குள் கிளாம்பைக் கழற்றிவிட்டேன். வளைவு குறைந்தது, பதிலுக்கு முறுக்கு வந்தது. 2 மி.மீ. தானே, போல்ட்டை இறுக்கினால் படிந்துவிடும் என்று வின்ச்சைப் பூட்டினேன். டிரம்மைக் கியரோடு சேர்க்கும் கிளட்ச்சை விடுவித்து ரோப்பை இழுத்தால் வரவே மாட்டேன் என்கிறது! ஒரு முனையில் மோட்டார், மறுமுனையில் கியர்பாக்ஸ், நடுவில் டிரம். தட்டு முறுகியிருந்தால் போல்ட்டை இறுக்க இறுக்க இரண்டு முனையும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி, நடுவில் டிரம்மைப் பிடித்துக்கொள்கின்றன. நான்கு போல்ட்டையும் அரைச் சுற்று தளர்த்தினேன், ரோப் வழுக்கிக்கொண்டு வந்தது. தட்டு போச்சு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மூன்றாவதற்கு ஒரு போலி வின்ச் செய்தேன். கனமான சேனல் இரும்புத் துண்டில், வின்ச்சில் இருப்பது போலவே 254 × 114.3 மி.மீ. கணக்கில் நான்கு ஓட்டை போட்டு, 8.8 வலிமைத் தர போல்ட்டால் தட்டோடு இறுக்கிக் கட்டினேன். நிஜ வின்ச்சையே பூட்டி வைத்து வெல்டிங் அடிப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். எர்த் கரண்ட் பேரிங் வழியாகப் போனால் உள்ளே என்ன ஆகும் என்று வெளியிலிருந்து தெரியாது. சீலுக்கும் சூடு ஆகாது. முன் தகட்டை 90-க்குப் பதில் 92 டிகிரிக்குத் திறந்து வைத்து டேக் (பிடித்து நிற்க மட்டும் சிறு பொட்டு வெல்டு) அடித்தேன், இழுக்கப்போவது தெரிந்ததுதானே. அப்புறம் 40 மி.மீ. துண்டு துண்டாக, இடது முனையில் ஒன்று, வலது முனையில் ஒன்று, நடுவில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பிறகு கை வைக்கும் சூடு வரும்வரை காத்திருந்தேன். அந்த ஒரே வெல்டு ஒரு மாலைப்பொழுதைத் தின்றுவிட்டது. சேனலைக் கழற்றியது மறுநாள்தான்.

தகடு வெட்டிக் கொடுத்த பட்டறையைப் பற்றியும் ஒரு முனகல். 254 என்பது ஓட்டை மையத்திலிருந்து மையம் என்று படத்தில் கோடு போட்டுக் காட்டியும், முதல் தடவை விளிம்பிலிருந்து விளிம்பு என்று எடுத்து வெட்டினார்கள். மாற்றிக் கொடுத்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். சில்லறையாக அள்ளிக் கொடுக்கும் போல்ட்டில் தலையைத் திருப்பி 8.8 இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். நான் வாங்கியதில் பாதி மொட்டைத் தலை.

சரி, வின்ச் பூட்டியாயிற்று, ரோப் ஒரு கையால் வருகிறது. அந்தச் சந்தோஷத்தில் முகப்பு அட்டையை எடுத்து வைத்துப் பார்த்தால், கிளட்ச் லீவர் அதில் இடித்துக்கொண்டு பாதிகூடத் திரும்பவில்லை. இதை யோசிக்கவே இல்லை. சில வின்ச்சில் கியர்பாக்ஸ் உறையின் சுற்றுத் திருகுகளைக் கழற்றி, வேறு கோணத்துக்குத் திருப்பிப் பூட்டலாம். என்னுடையதும் அந்த வகைதான். ஆனால் கிரீஸில் கை வைக்க இப்போது தெம்பில்லை. முகப்பில் ஒரு ஜன்னல் வெட்டிவிடலாம் என்றிருக்கிறேன். கையுறை போட்ட கை உள்ளே போகும் அளவுக்கு.

இரும்பு ரோப்பை மாற்றிச் செயற்கை இழை ரோப் போடும் எண்ணமும் இருக்கிறது. அதற்கு உருளை பெயர்லீட் ஆகாது. இரும்பு ரோப் உரசிய உருளையில் பிசிறு இருக்கும், இழையை அறுத்துவிடும். வழவழப்பான அலுமினிய பெயர்லீட் வாங்க வேண்டும். எடையும் குறையும். 5 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டர் 39 கிலோ என்று கணக்குப் பார்த்த நாளிலிருந்து முன் ஸ்பிரிங்கைப் பார்க்கும்போதெல்லாம் பாவமாக இருக்கிறது. அதையும் மாற்ற வேண்டிவரும். பின் பம்பருக்கு ஒரு படமும் போட்டு வைத்திருக்கிறேன்.

பம்பரின் இரண்டு பக்க ரெக்கைகள் இன்னும் அட்டையாக, டேப்பில்தான் தொங்குகின்றன. பாடி ரப்பரில் உட்கார்ந்து ஆடும், பம்பர் சேஸோடு அசையாமல் நிற்கும். அதனால் நடுவில் 20 மி.மீ. இடைவெளி விட்டிருந்தேன். நேற்று ஜாக்கியால் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். அட்டை மட்கார்டைத் தொட்டுவிட்டது. 25 ஆக்கிவிட்டு இன்னொரு அட்டை வெட்ட வேண்டும்.