வேலை தப்பியது எப்படி
2009ல் எங்கள் கம்பெனியில் ஆட்குறைப்பு நடந்தபோது நான் தப்பித்தேன், திறமைதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள ஆசை, ஆனால் கிடங்கின் பழைய சரக்குக் கணக்கு எந்த எக்செல் கோப்பில் கிடக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும், அவ்வளவுதான். அந்த வருடம் சிங்கப்பூர் அரசாங்கமும் ஜாப்ஸ் கிரெடிட் என்று, உள்ளூர் ஊழியரின் மாதச் சம்பளத்தில் முதல் 2,500 வெள்ளிக்கு 12 சதவீதத்தை முதலாளிகளுக்குக் கொடுத்தது. அதுவும் கைகொடுத்திருக்கும்.

இப்போது மறுபடியும் அதே ஆட்குறைப்புப் பேச்சு. தேக்காவில் தே தாரிக் ஆறிப்போகும்வரை நண்பர் புலம்பினார். 40 வயதை எட்டிய குடிமக்களுக்கு 2024 மே மாதம் வந்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகையை மனுஷன் தொடவே இல்லை! அங்கேயே சிங்பாஸ் என்ற அரசாங்க இணையக் கணக்கில் நுழையவைத்துக் காட்டினேன். அப்புறம், பக்கத்துப் பிரிவு வேலையையும் கொஞ்சம் கேட்டுக் கற்றுக்கொள்ளச் சொன்னேன். முறைத்தார். தேநீர்க் காசு நான்தான் கொடுத்தேன்.