பாலிசிஸ்டிக் கிட்னி குடும்பமா? தானம் தருபவருக்கு முதலில் எம்.ஆர்.ஐ. எடுங்கள்

பாலிசிஸ்டிக் கிட்னி (சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய்) ஓடும் குடும்பத்தில் யாராவது கிட்னி தர முன்வந்தால், மற்ற எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் அவருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுங்கள். இதை எங்களுக்கு யாரும் தொடக்கத்திலேயே சொல்லவில்லை. பல மாதங்கள் வீணாகப் போயின. அந்த ஆற்றாமை இன்னும் அடங்கவில்லை.

அப்பாவுக்கும் இதே நோய். எனக்குக் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) ஏறி ஏறி டயாலிசிஸில் வந்து நின்றது. தம்பிதான் "நான் தரேன்ணே" என்று முன்வந்தான். அவனுக்கு 28 வயது, ரத்தப் பிரிவும் பொருந்தியது. பக்கத்து ஸ்கேன் சென்டரில் அல்ட்ராசவுண்டு எடுத்து 'இரண்டு சிறுநீரகமும் இயல்பு' என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் எச்.எல்.ஏ., கிராஸ் மேட்ச் என்ற பொருத்தம் பார்க்கும் ரத்தப் பரிசோதனைகள், இதயப் பரிசோதனை எல்லாம் நடந்தன. எல்லாம் கைக்காசு.

தானத்துக்கு அனுமதி தரும் கமிட்டிக்குக் கோப்பு போகிற நேரத்தில் வேறொரு நெப்ராலஜிஸ்ட் (சிறுநீரக மருத்துவர்) புரட்டிப் பார்த்தார். "தம்பிக்கு எம்.ஆர்.ஐ. எங்கே?" என்றார். பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. சின்ன வயதில் கட்டிகள் பொடியாக இருக்கும், சாதாரண ஸ்கேனில் தப்பிவிடும். அதனால் 40 வயதுக்குள் இருப்பவரை அல்ட்ராசவுண்டு மட்டும் பார்த்துக் கொடையாளராக ஏற்கக் கூடாது. எம்.ஆர்.ஐ.யில் இரண்டு கிட்னியும் சேர்த்து ஐந்துக்குக் குறைவான கட்டிகள் இருந்தால்தான் நோய் இல்லை என்று சொல்ல முடியும். தம்பிக்குப் பத்துக்கு மேல் இருந்தன. தரவந்தவனே நோயாளி என்று தெரிந்த அன்று அம்மா சாப்பிடவே இல்லை.

அப்புறம் என் மனைவி முன்வந்தாள். அவள் எங்களுக்கு அந்நியம் என்பதால் இந்த பயம் இல்லை. ஆனால் அத்தை மகளைக் கட்டியவர்கள் கவனியுங்கள். நோய் அப்பா வழியில் வந்திருந்தால் அவருக்கும் இதே எம்.ஆர்.ஐ. அவசியம்.

கணவன் மனைவிக்குள் தானம் என்றால் அனுமதிக்குத் தர வேண்டியது படிவம் 2. திருமணச் சான்றும் கேட்பார்கள். எங்களை மாட்டிவிட்டது இனிஷியல். ஆதாரில் அவளுக்கு அவள் அப்பாவின் இனிஷியல், ரேஷன் கார்டில் என்னுடையது. "ரெண்டும் ஒரே ஆளுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கோப்பைத் திருப்பித் தந்தார் எழுத்தர். சரி, ஆதாரைத் திருத்திக்கொண்டு போனால் அடுத்த குறை. போகும்போதெல்லாம் ஒன்றுதான் சொல்வார். கடைசியில் என் மனைவி ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "எல்லாக் குறையையும் இதுல எழுதிக் குடுங்க சார்" என்றாள். எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு கோப்பு திரும்பவில்லை. நீங்களும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

பிஸ்டுலா போட்ட (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த) கையையும் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். மணிக்கட்டில் விரலை வைத்தால் விர்ரென்று துடிக்கும், அதுதான் டயாலிசிஸுக்கு வழி. அந்தக் கையில் ரத்தம் எடுக்கவோ பி.பி. பார்க்கவோ கூடாது. ஒரு அவசர நேரத்தில் நர்ஸ் அதே கையில் பி.பி. பட்டையைச் சுற்றிவிட்டார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பழைய கிட்னிகளை எடுக்கவில்லை. தொல்லை இல்லாவிட்டால் பெரும்பாலும் எடுப்பதில்லை. புதிய கிட்னியில் இந்தக் கட்டிகள் வராது.

இப்போது கவலை தம்பியைப் பற்றித்தான். பி.பி. கொஞ்சம் ஏறியிருந்ததால் உடனே மாத்திரை தொடங்கிவிட்டார்கள். உப்பைக் குறைத்திருக்கிறான். வலி மாத்திரையைக் கடையில் தானாக வாங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். டால்வாப்டன் என்ற மாத்திரை பற்றியும் பேச்சு வந்தது. கட்டி வளர்வதை அது மெதுவாக்கும், குணப்படுத்தாது. சிறுநீர் அடிக்கடி போகும். கல்லீரலைப் பாதிக்கலாம் என்பதால் முதல் 18 மாதங்களாவது தவறாமல் ரத்தம் பார்க்க வேண்டும். நோய் வேகமாக முற்றக்கூடியவர்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். அதை முடிவு செய்ய எம்.ஆர்.ஐ.யில் அளந்த கிட்னியின் கன அளவு வேண்டும். எங்கள் அறிக்கையில் அந்த அளவே இல்லை, மறுபடி அலைய வேண்டியிருந்தது. எடுக்கும்போதே அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.